வாய்க்கால் மேல் கட்டிய படி

ஜெபஷீலாவின் கைப்பையில் லேசர் கருவி ஒன்று எப்போதும் இருக்கும். சுவரில் வைத்துப் பொத்தானை அமுக்கினால் எதிர்ச்சுவர் எத்தனை அடி என்று சொல்லிவிடும். மகன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. வங்கிக் கடனுக்கு மதிப்புப் போடப் போகும் வீடுகளில் அதை வைத்துத்தான் அளப்பாள். விவாகரத்து வீடு, பாகப்பிரிவினை வீடு என்றால் மட்டும் கருவி பையிலேயே கிடக்கும். பழைய டேப்பை எடுப்பாள். ஒரு முனையை ஒரு கட்சியிடமும் மறுமுனையை இன்னொரு கட்சியிடமும் கொடுத்துவிட்டு, அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு நடுவில் நிற்பாள். ஒருத்தர் அளவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு முனையை மாற்றிப் பிடித்து மற்றவர் சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்துவந்தால்தான் எழுதுவாள்.

இதனால் அரைமணியில் முடிகிற வேலை அரைநாள் இழுக்கும். இழுத்தாலும் பரவாயில்லை என்று அவள் முடிவெடுத்து வெகுகாலம் ஆகிறது. பேச்சு முறிந்தவர்கள் எதை வேண்டுமானாலும் நம்பாமல் போகலாம். தாங்களே குனிந்து பிடித்த டேப்பை நம்பாமல் இருக்க முடியாது.

அவள் அப்பாவுக்குப் போடி பஜாரில் இரும்புக் கடை. ஆணி, கீல், பெயிண்ட், கயிறு. பள்ளிவிட்டு வந்து கடையில் உட்காரும் பிள்ளைக்கு அங்குலமும், அதில் எட்டில் ஒரு பங்கான நூலும் தானாகவே பழகின. மதுரையில் கட்டடப் பொறியியல் டிப்ளமோ படித்தாள். கொஞ்ச காலம் ஒரு காண்ட்ராக்டரிடம் வெயிலில் நின்றாள். ஏலக்காய் ஏல மையத்தில் கணக்கு எழுதும் ஸ்டான்லியைக் கட்டிக்கொண்டு, மகன் பிறந்த பிறகு பரீட்சை எழுதி மதிப்பீட்டாளர் ஆனாள். இப்போது ஐம்பத்து மூன்று வயது. தேனியில் கோர்ட்டுக்குப் போகும் சாலையில், ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் ஒரு அறை. ஏறி இறங்க முட்டி வலிக்கிறது.

சர்ச்சில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், "ஷீலாக்காவை வீட்டுக்குக் கூப்பிடவே பயமா இருக்கு. காபி குடிக்கும்போதே சுவத்தைத் தட்டிப் பாக்குறாக" என்று சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். தட்டிப் பார்ப்பது உண்மைதான். கை தன்னால் போய்விடுகிறது.

அந்த வைகாசியில் வீரபாண்டித் திருவிழா முடிந்து, ராட்டினங்களைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த லாரிகளுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் ஊர்ந்து, ஊருக்குத் தெற்கே வயலையெல்லாம் மனையாக்கிய பகுதிக்கு ஜெபஷீலா போய்ச் சேர்ந்தாள். யுவராணிக்கும் விஜய்பாண்டிக்கும் விவாகரத்து. இரண்டு பக்கத்து வக்கீல்களும் பேசி ஒத்துக்கொண்டு அவளை அனுப்பியிருந்தார்கள்.

மனை யுவராணியுடையது. கல்யாணத்தின்போது அவள் அப்பா, அம்மாவாசி என்பவர், அவள் பேருக்கு எழுதி வைத்தது. மனிதர் இப்போது இல்லை. அதன்மேல் நிற்கும் வீடு இருவரும் சேர்ந்து கட்டியது. தேனியில் ஒரு மருத்துவமனையின் லேபில் ரத்தம் எடுக்கும் யுவராணியின் சம்பளமும், போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் விஜய்பாண்டியின் ஜீப் வருமானமும் அந்தச் சுவர்களில் கலந்து கிடந்தன. ஒரு வருடமாக அவள் மகளோடு கீழே இருக்கிறாள். அவன் அம்மாவோடு மாடியில் இருக்கிறான். ஜெபஷீலா கட்டடத்துக்குப் போடும் மதிப்பில் பாதியை யுவராணி கொடுத்துவிட்டால் அவன் இறங்கிப் போய்விட வேண்டும், வீடு அவளுக்கு. கொடுக்க முடியாவிட்டால் வீட்டை விற்றுப் பிரித்துக்கொள்வது. அவளுக்கு இருந்த ஒரே வழி வங்கிக் கடன். அதற்கும் இதே அறிக்கைதான் வேண்டும்.

பிரிவதற்குக் காரணம் என்ன என்று ஜெபஷீலா எந்த வீட்டிலும் கேட்பதில்லை. கேட்காமலே பாதி தெரிந்துவிடும். இங்கே மாடியிலும் கீழேயுமாக இரண்டு அடுப்பு, இரண்டு கரண்ட் மீட்டர். ஹாலில் கல்யாணப் படம் மாட்டியிருந்த ஆணியில் மகளின் பள்ளி அடையாள அட்டை தொங்கியது.

"அக்கா, ஒரு வாய் காபி போடவா?" என்றாள் யுவராணி. லேபுக்கு அரைநாள் லீவு சொல்லியிருந்தாள்.

"வேண்டாம்மா. தண்ணி பாட்டில் கொண்டாந்திருக்கேன்."

மாடியிலிருந்து கருத்தம்மாள், விஜய்பாண்டியின் அம்மா, வெளிப்படியில் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து இறங்கினாள். "வெயில்ல வந்திருக்கீக. கலர் சோடா வாங்கியாரச் சொல்லவா தாயி?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம் பெரியம்மா."

"பச்சைத் தண்ணி குடிச்சாக்கூட கேஸ்ல சேத்துருவாகளோ?"

சேர்த்திருக்கிறார்கள். உத்தமபாளையம் பக்கம் ஒரு பாகப்பிரிவினையில் அண்ணன் வீட்டில் ஒரு டம்ளர் மோர் குடித்தாள். தம்பியின் வக்கீல் அதைக் கோர்ட்டில் எடுத்துச் சொல்லி, மதிப்பீட்டாளர் ஒரு தரப்பின் விருந்தாளி என்றார். அன்றிலிருந்து பாட்டில்தான். உப்புப் போட்ட மோர், நன்றாகத்தான் இருந்தது.

டேப்பை எடுத்தாள். ஹாலில் இருந்து தொடங்கினார்கள். ஜன்னல் பக்கம் விஜய்பாண்டி, கதவுப் பக்கம் யுவராணி. நடுவில் ஜெபஷீலா.

"மேடம், அந்தப் பக்கம் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்க" என்றான் விஜய்பாண்டி.

"இங்கன இறுக்கித்தான் பிடிச்சிருக்கு. பாதியில விட்டுட்டுப் போற பழக்கம் யாருக்குன்னு ஊருக்கே தெரியும்னு சொல்லுங்க அக்கா."

"நான் யாருக்கும் எதையும் சொல்லப்போறதில்லை. பதினாலு நாலா, பதினாலு அஞ்சா?"

"நாலு."

"மாத்திப் பிடிங்க."

மாற்றிப் பிடித்தார்கள். குறுக்கே கடக்கும்போது ஒருவர்மேல் ஒருவர் படாமல் இருக்க, இருவரும் சுவரோரமாக ஒதுங்கினார்கள். எல்லா வீட்டிலும் பார்ப்பதுதான். அறை எத்தனை அகலமாக இருந்தாலும் இவர்களுக்குப் போதாது.

உள்ளே முடிந்தது. வெளியே, மனையின் கிழக்கு எல்லைக் கல்லிலிருந்து மேற்குப் பக்கமாக டேப்பைப் பிடிக்கச் சொன்னாள். சர்வே படத்தில் இருந்த அகலம் வீட்டின் மேற்குச் சுவரோடு தீர்ந்துபோனது. மாடிப்படி சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதன் அடியில் ஊர் வாய்க்கால். வயலுக்குப் பாய்ந்த காலத்து வாய்க்கால். இப்போது சிலாப் போட்டு மூடிக் கிடந்தது. சிலாப்பின்மேல் தூண் நிறுத்திப் படி கட்டியிருந்தார்கள்.

ஜெபஷீலா இன்னொரு முறை பிடிக்கச் சொன்னாள். முனையை மாற்றியும் பிடிக்கச் சொன்னாள். அளவு மாறவில்லை.

"மாடிப்படி பிளான்ல உள்ளதானே இருக்கு? ஹாலோட வடகிழக்கு மூலையில காட்டியிருக்கு."

விஜய்பாண்டி தரையைப் பார்த்தான். யுவராணி, "அதை அவுக அம்மாவைக் கேளுங்க" என்றாள்.

கருத்தம்மாள் தயங்கவே இல்லை. "நான்தான் மாத்தச் சொன்னேன். வாஸ்து பாக்குறவரைச் சின்னமனூர்லருந்து காரு வச்சுக் கூட்டியாந்தோம். ஈசானி மூலையில படி வந்தா குடும்பம் ரெண்டாப் போயிரும்னு சொன்னாக. கன்னி மூலையில, வெளியில போட்டுக்கங்கன்னாக. போட்டோம்."

"ஆமா. போட்டதுல எல்லாரும் ஒண்ணு மண்ணா இருந்துட்டோம்" என்றாள் யுவராணி.

"அதைப் போடாம இருந்தா நீ மூணாம் மாசமே பெட்டியைக் கட்டியிருப்ப!"

"யாத்தே, அப்பவே கட்டியிருந்தா இந்தம்மா இப்படி வெயில்ல நிக்க வேண்டியதில்ல."

விஜய்பாண்டி கையை உயர்த்தினான். "மதி, மதி." தோட்டத்துக்குப் போய்வரும் பழக்கத்தில், போதும் என்பதற்கு அவனுக்கு மலையாளம்தான் முதலில் வரும். "இப்ப அதுனால என்ன மேடம்?"

ஜெபஷீலா படியின் நிழலில் உட்கார்ந்தாள். முட்டி கேட்கவில்லை. இதைச் சொல்லும் வேலைதான் அவளுக்கு எப்போதும் அலுப்பு. அளப்பது அல்ல.

"படி நிக்கிறது உங்க மனை இல்ல. வாய்க்கால் புறம்போக்கு. கட்டடம் முழுக்கப் பட்டா நிலத்துல இருக்குன்னு நான் எழுதிக் கொடுத்தாத்தான் பேங்க்ல கடன் கிடைக்கும். இப்ப அப்படி எழுத முடியாது. அதனால யுவராணிக்குக் கடன் கிடையாது."

எங்கோ ராட்டினத்து இரும்பு லாரியில் விழும் சத்தம் கேட்டது.

"சரி, வித்துருவோம்" என்றான் விஜய்பாண்டி, மெதுவாக.

"வாங்குறவங்களும் பேங்க்குக்குத்தானே போவாக தம்பி. கடனில்லாம வாங்குற ஆளு இந்தக் குறையைக் காட்டி அடிமாட்டு விலைக்குக் கேப்பான். உங்களுக்கும்தான் நட்டம்."

அப்போதுதான் யுவராணி அதைக் கேட்டாள். "அக்கா, அந்தப் படியை நீங்க கவனிக்கலைன்னு வச்சுக்கங்க."

"ஆமா மேடம்" என்றான் விஜய்பாண்டி உடனே. "வீட்டை ஒட்டித்தானே இருக்கு. இந்தத் தெருவுல பாதிப் பேரு வாய்க்கால்மேலதான் கட்டியிருக்காக. யாரு வந்து பாக்கப்போறா?"

"நாங்க ரெண்டு பேரும் எழுதியே தாரோம்" என்றாள் யுவராணி.

காலையிலிருந்து அவர்கள் ஒரே குரலில் பேசியது இது ஒன்றுதான். கருத்தம்மாளும் தலையாட்டினாள். ஜெபஷீலாவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை.

"டேப்பைப் பிடிச்சது நீங்க ரெண்டு பேரும். அளவைச் சொன்னதும் நீங்கதான். நான் எழுதாம எப்படி விடுறது?" என்று எழுந்தாள். பாட்டிலில் தண்ணீர் தீர்ந்திருந்தது. யுவராணி அதைப் பார்த்தாள். நிரப்பித் தரட்டுமா என்று கேட்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் ஸ்டான்லி தைலத்தை எடுத்து மேசையில் வைத்தார். "என்ன, இன்னைக்கு யாரு வீடு?" என்றார். சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "கண்டுக்காம விட்டா ஒரு பொம்பளைக்கு வீடு நிக்கும்" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. வெளியே மழை வருமா என்று கேட்பதைப் போலச் சொன்னார்.

"நிக்கும். நாளைக்குப் பேங்க் ஆளு வந்து பாத்தான்னா அவளுக்கு அந்த வீடும் இல்லை, இந்த வேலைக்கு நானும் இல்லை."

"அதுவும் சரிதான்."

அவருக்குத் தெரியும். போடியில் அப்பாவின் கடையைப் பிரிக்கும்போது அவளுடைய அண்ணன்கள், "நீயே ஒரு மதிப்பைப் போடும்மா, நீ சொன்னா சரி" என்றார்கள். மாட்டேன் என்று வேறு ஆளை அனுப்பினாள். பெரிய அண்ணி அதிலிருந்து பேசுவதில்லை. தங்களை நம்பவில்லை என்று அண்ணிக்குக் கோபம். நம்பிக்கை கெடக்கூடாது என்றுதான் ஜெபஷீலா ஒதுங்கினாள். அதை எப்படி விளக்குவது என்று தெரியாமல் விட்டுவிட்டாள். கிறிஸ்துமஸுக்குக் கேக் மட்டும் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கிறது.

அடுத்த வாரம் லேப் முடிந்து யுவராணி அலுவலகத்துக்கு வந்தாள். கையில் ஸ்பிரிட் வாசனை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அக்கா, படியை இடிச்சுட்டா?"

ஜெபஷீலா எழுதுவதை நிறுத்தினாள்.

"படி இல்லைன்னா வீடு என் மனைக்குள்ளதானே நிக்குது. அப்ப எழுதிக் கொடுக்கலாம்ல?"

"எழுதலாம். மாடிக்கு எப்படிப் போவ?"

"எனக்கும் பிள்ளைக்கும் கீழ போதும். மாடி சும்மா கிடக்கட்டும். கையில காசு வரும்போது உள்ளயே படி போட்டுக்குறேன்."

"வழியில்லாத மாடிக்கு நான் முழு மதிப்புப் போட முடியாதும்மா. உள்ள படி கட்ட என்ன செலவாகுமோ அதைக் கழிச்சுத்தான் போடணும். அவரோட பாதியும் குறையும். அவரு ஒத்துக்கணும்."

யுவராணி ஜன்னல் வழியாகக் கோர்ட்டுப் பக்கம் பார்த்தாள். "நான் சொன்னா, பங்கைக் குறைக்க இடிக்கிறாள்னு சொல்லுவாரு. நீங்க சொல்லுங்களேன்."

ஜெபஷீலா வழக்கமாக இதைச் செய்வதில்லை. ஒரு கட்சியின் பேச்சை இன்னொரு கட்சியிடம் கொண்டுபோனால், அதுவும் ஒரு டம்ளர் மோர்தான். இரண்டு வக்கீல்களையும் போனில் பிடித்து, மறுநாள் எல்லோரும் தன் அலுவலகத்துக்கு வரும்படி செய்தாள். கருத்தம்மாளும் வந்தாள். மாடியேறி மூச்சு வாங்க உட்கார்ந்தாள்.

படியை இடிப்பதையும் அதனால் மதிப்புக் குறைவதையும் ஜெபஷீலா எல்லோர் முன்னாலும் சொன்னாள். விஜய்பாண்டி அதைக் கேட்டபடி ஜீப் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். "அந்தப் படிக்குக் கருங்கல் பலகை நான் அலைஞ்சு தேடிப் போட்டது மேடம். ஒவ்வொண்ணா ஜீப்புல ஏத்தியாந்தேன்."

"தெரியும் தம்பி. நல்ல கல்லு. அளந்தப்பவே பாத்தேன்."

"அதுக்கு மதிப்புக் கிடையாதா?"

"அடுத்தவன் இடத்துல நிக்கிற கல்லுக்கு நான் போட முடியாது. கழட்டி எடுத்துக்கிட்டா கல்லு உங்களோடது."

அவன் அம்மாவைப் பார்த்தான். கருத்தம்மாள் யுவராணியைப் பார்த்தாள். "உள்ள படி போடப்போறியா? எந்த மூலையில?"

"பிளான்ல எங்கன இருக்கோ அங்கன."

"ஈசானியிலயா! ஏலே, அவகிட்டச் சொல்லுடா. குடும்பம் ரெண்டாப் போயிரும்லே!"

"அதான் போயிருச்சே அத்தை" என்றாள் யுவராணி. குரலில் குத்தல் எதுவும் இல்லை. களைப்புதான் இருந்தது. "இனி எந்த மூலையில போட்டா என்ன?"

ஒரு வருடமாகக் கருத்தம்மாளை யாரும் அத்தை என்று கூப்பிட்டிருக்கவில்லை. வாய் தவறி வந்துவிட்டது என்பது யுவராணியின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அதைத் திருத்திக்கொள்ளவும் அவளுக்குத் தெம்பில்லை.

"இடிச்சுக்கச் சொல்லுங்க மேடம்" என்றான் விஜய்பாண்டி. "கல்லை நான் எடுத்துக்குறேன்."

மறுஅளவைக்கு ஜெபஷீலா போனபோது படி இல்லை. வாய்க்கால் சிலாப்பில் தூண் நின்ற தடம் வெளுத்துத் தெரிந்தது. கருங்கல் பலகைகளை அவன் ஜீப்பில் அடுக்கியிருந்தான். கருத்தம்மாள் முந்தின நாளே சாமான்களோடு வருசநாட்டில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாளாம். மாடியில் ஏதோ மறந்ததை எடுக்க அவன் மூங்கில் ஏணி வைத்து ஏறியிருந்தான். ஒரு குக்கர் மூடியும் ஒரு பிளாஸ்டிக் குடமும் எடுத்துக்கொண்டு இறங்கினான். மேலே வெளிக்கதவைப் பூட்டிய சாவி அவன் பல்லிடுக்கில் இருந்தது. அதை எடுத்து ஜெபஷீலாவிடம் நீட்டினான்.

"அது எங்கிட்ட வேண்டாம் தம்பி."

சாவியைக் காம்பவுண்ட் சுவர்மேல் வைத்தான்.

அவள் டேப்பை எடுத்தாள். எல்லைக் கல்லில் யுவராணி. மேற்குச் சுவர் ஓரத்தில் விஜய்பாண்டி. காற்று அடித்தது, டேப் நடுவில் தொய்ந்து ஆடியது.

"இறுக்கிப் பிடிங்க" என்றாள் யுவராணி.

"பிடிச்சிருக்கேன். நீ கல்லோட வச்சிருக்கியா?"

"வச்சாச்சு."

அவன் அளவைச் சொன்னான். முனையை மாற்றினார்கள். அவள் அளவைச் சொன்னாள். ஜெபஷீலா எழுதிக்கொண்டாள். கட்டடம் முழுவதும் பட்டா எல்லைக்குள் இருக்கிறது என்று அதன் கீழே எழுதினாள். யுவராணி அந்த வரியை எட்டிப் பார்த்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொள்கிறவள் போல முந்தானையைக் கண்ணில் ஒற்றினாள்.

"அக்கா, இனிமேலாவது ஒரு காபி குடிக்கலாம்ல?"

"கடன் வரட்டும்மா. அவருக்குக் கொடுத்து, கையெழுத்தெல்லாம் முடியட்டும்."

விஜய்பாண்டி ஜீப்பைக் கிளப்பினான். கல்லின் பாரத்தில் வண்டி பின்பக்கம் தாழ்ந்து, மெதுவாகத்தான் போனது. யுவராணி சுவர்மேல் இருந்த சாவியை எடுத்து உள்ளே போனாள். பள்ளி வேன் வரும் நேரம்.

ஜெபஷீலா ஸ்கூட்டரைத் திருப்பும்போது ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். மேற்குச் சுவரில், ஒரு ஆள் உயரத்துக்கு மேலே, பச்சைப் பெயிண்ட் அடித்த கதவு ஒன்று பூட்டியபடி நின்றது. அதற்குக் கீழே எதுவும் இல்லை. கை தன்னால் சுவரைத் தட்டியது. நல்ல சுவர். போன் அடித்தது. சின்னமனூர் வக்கீல், அண்ணன் தம்பி நாலு பேர், ஒரு கிணறு. நாளைக்கு வர முடியுமா என்று கேட்டார். வருகிறேன் என்றாள். டேப் பிடிக்க நாலு பேரும் இருக்க வேண்டும் என்றும் சொன்னாள்.